நான் எறிந்த அரளிக் குச்சி

கோப்பிக்கு அந்தக் குச்சியை எறிந்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வருஷம் இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் "நாய் போய் அரளியைத் தின்னுடுச்சா?" என்றுதான் கேட்டார்கள், நானும் ரொம்ப நாள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது தானாகப் போய்த் தின்னவில்லை. வெட்டி, இலையை உருவி, கையில் பிடிக்கத் தோதாக நறுக்கி, எடுத்துட்டு வா என்று எறிந்தவன் நான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஊருக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். வீட்டுக்குப் பின்னால் ஒரு லோங்காங், பெரிய சாக்கடைக் கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டம். அம்மா தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவர், அப்பாவும் அம்மாவும் அங்கே பால்மரம் வெட்டினார்கள். பிறகு கித்தா என்கிற ரப்பர் போய் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள், நாங்கள் தாமானுக்கு வந்தோம். வரும்போது அம்மா தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து ஒரு சிவப்பு அரளிக் கொம்பை மைலோ டின்னில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். லாரியில் கட்டில், பீரோ எல்லாம் ஆடிக்கொண்டு வந்ததாம், அந்த டின் மட்டும் ஆடவில்லையாம். இப்போது அது கூரையைத் தொடுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதிலிருந்து பூ பறித்துத்தான் அம்மா விளக்கேற்றுவார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், "விஷச்செடியா, வெட்டிப் போடு" என்று சொல்வது சுலபம், எங்கள் வீட்டில் அது நடக்காது.

கோப்பி நாட்டு நாய். கோப்பிக்கடையின் பின்னால் குட்டியாகக் கிடந்தது, நிறமும் பால் ஊற்றாத கோப்பி நிறம், அதனால் அந்தப் பெயர். அப்போது ஒன்றரை வயது, பதினாலு கிலோ. பூவை அது ஒருநாளும் மோந்து பார்த்ததில்லை. அதற்கு வேண்டியது மரம். விளக்குமாற்றுக் கட்டை, செருப்பு ரேக்கின் கால், பக்கத்து வீட்டுப் பையனின் பேட்மிண்டன் மட்டையின் பிடி, எது கிடைத்தாலும் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டு கடைவாயில் வைத்து அரைக்கும்.

ஆடி மாதம், ஒரு ஞாயிறு. அரளிக் கிளை மின்சாரக் கம்பியில் உரசுகிறது என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலை பதினோரு மணிக்குப் பாராங் கத்தியை எடுத்தேன். வெட்டிய கிளைகளை லோங்காங் ஓரம் குவித்தேன். கோப்பி என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, பெருவிரல் தடிமனில் ஒரு கொம்பு நேராக இருந்தது, இலையை உருவி எறிந்தேன். ஓடியது, கவ்வியது, நாலைந்து தடவை கொண்டுவந்து கொடுத்தது. அப்புறம் கொடுக்கவில்லை. செம்பருத்தி நிழலில் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் குச்சியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பட்டையை உரித்து மென்றது. நல்ல பிள்ளை, அமைதியா இருக்கு என்று நினைத்துக் குளிக்கப் போனேன்.

ஒன்றரை மணி வாக்கில் முதல் வாந்தி. நாய் வாந்தி எடுப்பது பெரிய விஷயமில்லை, புல்லைத் தின்றுவிட்டு எடுக்கும், நாங்கள் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாந்தியில் நுரை, பச்சையாக நார் நாராக ஏதோ. வாயிலிருந்து எச்சில் நூல் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு அது எழுந்து நிற்க முயன்று பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்தது, உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தது. அப்போதுதான் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் இருந்த கிளினிக் பூட்டியிருந்தது. இன்னொரு இடத்துக்குப் போன் செய்தேன், யார் எடுத்தார்கள் என்று தெரியாது, பால் கொடுங்கள், நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். எதிர்வீட்டு அண்ணன் உப்புத் தண்ணீர் ஊற்று, எல்லாம் வெளியே வந்துவிடும் என்றார். அம்மா வேப்பிலை அரைக்கப் போய்விட்டார். ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போய் வாயைத் திறந்தேன், கோப்பி பல்லை இறுக்கிக்கொண்டது. அது இறுக்கிக்கொண்டதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். உப்பு அதிகமாக உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்பு வந்து, அதுவே தனி விஷமாகிவிடுமாம். ஏற்கெனவே தள்ளாடுகிற நாய்க்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகவும் வாய்ப்பு உண்டு. பாலும் விஷத்தை முறிக்காது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

பழைய சாலையில் ஈப்போ நகருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். என் மகள் பின்சீட்டில் கோப்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஈப்போவில் ஞாயிறும் திறந்திருந்த ஒரு கிளினிக், டாக்டர் சின்னப் பொண்ணு, நம்ம தமிழ்ப் பொண்ணுதான். பின்தொடையின் உள்பக்கம் விரலை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு, அதுவும் விட்டு விட்டு.

"அங்கிள், என்ன சாப்பிட்டுச்சு?"

காலையில் சோறும் கோழி ஈரலும் என்றேன்.

"எலி மருந்து? தவளையைக் கவ்வுச்சா? வீட்ல யாரும் ஹார்ட் மாத்திரை சாப்பிடுறாங்களா?"

இல்லை, இல்லை, இல்லை.

"செடி ஏதாவது?"

"பூவெல்லாம் அது தொடாதும்மா."

அவர் ஈசிஜி ஒயரை மாட்டிக்கொண்டே, "குச்சி கடிக்குமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. மகள்தான் சொன்னாள், "அப்பா, காலைல அரளி வெட்டுனீங்கல்ல."

டாக்டர் அதன்பிறகு எதையும் கேட்கவில்லை. நரம்பில் ஊசி, ட்ரிப், வயிற்றில் விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூள் கரைசல், இதயத் துடிப்பை ஏற்ற அட்ரோபின். இரத்தம் எடுத்துப் பொட்டாசியம் பார்த்தார்கள், ஏறியிருந்தது. இரண்டு இரவு அங்கேயே வைத்திருந்தார்கள். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி (ரிங்கிட்). மூன்றாம் நாள் கோப்பி வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்து, கிளினிக் வாசலில் இருந்த பூந்தொட்டியை ஒட்டிக் காலைத் தூக்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நாயைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று டாக்டர் உட்கார வைத்து விளக்கினார், எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு இருக்கிறது. அரளியில் உள்ள ஒலியாண்ட்ரின் அந்தப் பம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால்தான் பொட்டாசியம் செல்லுக்குள் போக முடியாமல் இரத்தத்தில் ஏறுகிறது, துடிப்பு தாளம் தப்புகிறது. என் மாமா இதயத்துக்கு டைஜாக்சின் மாத்திரை சாப்பிட்டவர், அதுவும் இதே பம்பின் மேல் வேலை செய்கிற மருந்துதான், அளவோடு கொடுத்தால் மருந்து. அரளியில் இலை, பூ, பட்டை, வேர், விதை, பால் எல்லாமே விஷம். காய்ந்தாலும் போகாது. அதை எரித்தால் புகையிலும் உண்டு, நாங்கள் வருஷா வருஷம் வெட்டிய கிளையைப் பின்னால் போட்டுக் கொளுத்திக்கொண்டு அந்தப் புகையிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள். பூவைப் போட்டு வைத்த தண்ணீரிலும் விஷம் இறங்கும். அம்மா வாசலில் பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றி அரளிப் பூ மிதக்க விடுவார், கோப்பி அதில் நாக்கை நனைத்ததை நான் இரண்டு தடவையாவது பார்த்திருக்கிறேன், விரட்டக்கூட இல்லை.

மஞ்சள் அரளி வேறு செடி, குணம் ஒன்றுதான். எங்கள் தெருக்கோடி முனியாண்டி கோயில் பக்கம் நிற்கிறது, அதன் காய் தரையில் உருளும், விளையாட்டுப் பந்து மாதிரி நாய்க்கும் பிள்ளைகளுக்கும் கைக்கு அடக்கமாக இருக்கும். அந்தக் கொட்டைதான் அதில் மோசமான பாகம்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒவ்வொரு செடியையும் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பியது. இருபத்தேழு படம். பாவம், அந்தப் பொண்ணு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொன்றாகப் பதில் போட்டார். அதோடு நானும் அந்த மாதம் முழுக்கப் படித்தேன்.

நிம்மதியான சேதியை முதலில் சொல்கிறேன். செம்பருத்தி பயமில்லை. 1960-லிருந்து நாட்டுக்கே தேசிய மலர், வேலியோரம் வேலியோரமாக நிற்கிறது, அதுவும் ஆபத்தாக இருந்திருந்தால் நாம் எங்கே போவது. நிறையத் தின்றால் வயிறு கலங்கலாம், அவ்வளவுதான். ரோஜா, இட்லிப்பூ, காகிதப்பூ இவையும் விஷத்தில் சேராது, ரோஜாவிலும் காகிதப்பூவிலும் முள் குத்தும், வாயிலோ பாதத்திலோ முள் முறிந்து உள்ளே நின்றால் சீழ் பிடிக்கும். செண்டுப்பூவைத் தின்றால் சில நாய்க்கு லேசாக வாந்தி வரலாம். மல்லிகைச் செடியும் பாதுகாப்பானது, ஆனால் இங்கே ஒரு குழப்பம் உண்டு. நர்சரியில் நைட் ஜாஸ்மின் என்று ஒன்றை விற்பார்கள், பச்சை கலந்த வெள்ளையில் குழல் குழலாகப் பூக்கும், ராத்திரியில் தெருவே மணக்கும். அது மல்லிகைக் குடும்பமே இல்லை, தக்காளி, ஊமத்தை குடும்பம், காயும் இலையும் விஷம். பெயரில் ஜாஸ்மின் இருக்கிறதென்று நம்பி நானும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

மல்லிகையில் இன்னொரு விஷயம், இது எங்கேயும் படித்ததில்லை, டாக்டர் சொன்னது. பூ சரி, சரத்தின் நூல் சரியில்லை. சாமி படத்திலிருந்து கழற்றிய பழைய மாலையை நாய் இழுத்துக்கொண்டு போய் விழுங்கினால் நூல் குடலில் ஒரு இடத்தில் மாட்டி, குடல் அதன்மேல் சுருங்கி, அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கக்கூடாது என்றார். தீபாவளி, பொங்கல் சமயத்தில் நம்ம வீட்டுக் குப்பைக் கூடையில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், மாலை, சூடம், திராட்சை போட்ட கேசரி. சூடம் நாய்க்கு வலிப்பை வரவழைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூச்செடியைப் பார்த்துப் பயந்துகொண்டே பூஜைத் தட்டைத் தரையில் வைக்கிறோம்.

செவ்வந்தி நடுவில். கேமரன் மலையிலிருந்து தொட்டி தொட்டியாக வருமே, அதுதான். தின்றால் வாந்தி, எச்சில், சில நாய்க்குத் தோல் தடிப்பு. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை. கெம்போஜா என்கிற பிராங்கிபானியின் பால் வாயையும் வயிற்றையும் எரிக்கும். அலமண்டா பேதி கொடுக்கும். கெலாடி என்கிற சேம்பு, மணி பிளாண்ட், டம்ப் கேன், பீஸ் லில்லி இந்த வகையெல்லாம் கடித்த உடனே வாயில் ஊசி குத்தின மாதிரி இருக்குமாம், இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். நாய் முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும், எச்சில் வழியும். ஒரு கடியோடு விட்டுவிடும் என்பதால் பெரும்பாலும் தப்பிக்கும், தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டு மூச்சு விடச் சிரமப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும். லில்லி என்று பயமுறுத்தும் செய்தி நிறைய வரும், அந்தச் சிறுநீரகத்தைக் கொல்லும் கதை பூனைக்கு. நாய்க்கு அந்த லில்லி வயிற்றுக் கோளாறோடு நிற்கும். வீட்டில் பூனையும் இருந்தால் கணக்கு வேறு.

இனி நான் தொட்டியோடு தூக்கியவை.

நித்தியகல்யாணி. இது எனக்கு வருத்தம், ஏனென்றால் தோட்டத்து லயத்தில் இது இல்லாத வாசலே கிடையாது, சர்க்கரைக்கு நல்லது என்று இலையைக் கொதிக்கவைத்துக் குடித்த பாட்டிகளை எனக்குத் தெரியும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் இந்தச் செடியிலிருந்துதான் வந்தது. நாய்களுக்கு இனச்சேர்க்கையில் பரவும் ஒருவகைப் புற்றுக்கட்டிக்கு அதே மருந்தைத்தான் ஊசியாகப் போடுகிறார்கள். டாக்டர் கையில் மருந்து, வாசலில் நாய் வாயில் விஷம். அது வளர்வதும் நாயின் முகத்துக்கு நேரான உயரத்தில்.

அடீனியம். சீனப் புத்தாண்டுக்கு எல்லார் வீட்டு வாசலிலும் பெருத்த அடித்தண்டோடு நிற்குமே. அரளிக்கு நெருங்கிய சொந்தம், இதயத்தைத் தாக்கும் விஷத்திலும் சொந்தம்தான். எங்கள் வீட்டில் ஒன்றுதான், பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி வீட்டில் பதினாறு. அவரிடம் போய்ச் சொல்லத் தயங்கினேன். அவரோ கேட்டுவிட்டு, எனக்குத் தெரியும், அதனால்தான் எல்லாத்தையும் ஸ்டாண்டு மேலே வச்சிருக்கேன், நீ ஏன் உன்னுடையதைத் தரையில வச்சே என்று திருப்பிக் கேட்டார்.

ரணகள்ளியும் அதே வகை, இதயம். ஊமத்தை, செங்காந்தள் இரண்டையும் சொல்லவே வேண்டாம், செங்காந்தள் கிழங்கை மரவள்ளி வேர் என்று நினைத்துத் தோண்டும் நாய்க்கு முடிந்தது கதை. லோங்காங் ஓரம் தானாக வளர்ந்த உண்ணிச்செடி, மலாய்க்காரர்கள் புங்கா தாஹி ஆயாம் என்பார்கள், அது கல்லீரலைக் கெடுக்கும், பச்சைக் காய் குறிப்பாக. அதைப் பிடுங்கப் பிடுங்கத் தோட்டத்துப் பக்கமிருந்து திரும்ப வருகிறது. நந்தியாவட்டையைப் பற்றி டாக்டரே பால் வடிகிற செடி, எதற்கு ரிஸ்க் என்றதோடு நிறுத்திக்கொண்டார், அம்மாவோ சிவனுக்கு உகந்தது என்றார், அதை மதிலுக்கு வெளியே நட்டோம்.

பூச்செடி இல்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று, சைக்கஸ். தாமான் வீடுகளில் கேட்டுக்கு இரண்டு பக்கமும் குட்டைப் பனை மாதிரி வைப்பார்கள், சேகோ பாம் என்பார்கள். அது பனையே இல்லை. முழுச் செடியும் விஷம், ஆரஞ்சு நிறக் கொட்டை ரொம்ப மோசம், ஒன்றிரண்டு கொட்டை போதும் நாயின் கல்லீரலை அழிக்க. அரளியைவிட எனக்கு இதுதான் பயம், ஏனென்றால் அரளி கசக்கும், சாதாரண நாய் ஒரு வாய்க்கு மேல் தின்னாது. சைக்கஸ் கொட்டையை நாய் விரும்பித் தின்னும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இல்லை. மைத்துனர் வீட்டில் இரண்டு இருந்தது, நானே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை என்று எனக்குப் போகப் போகத் தோன்றியது. கோப்பியோடு ஒன்றரை வருஷம் அரளி அதே இடத்தில் நின்றது, ஒன்றும் ஆகவில்லை. வெட்டிக் கீழே போட்ட அன்றைக்குத்தான் ஆனது. நிற்கிற செடிக்கும் விழுந்த கிளைக்கும் நாயின் கணக்கில் பெரிய வித்தியாசம், விழுந்தது அதற்குப் பொம்மை. அதனால் எங்கள் வீட்டில் செடிவாரியாகப் பயப்படுவதை விட்டுவிட்டு, இந்த நாய் எதைக் கடிக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். கோப்பி கட்டை கடிக்கும், ஆகவே கொம்பு விடும் செடியில்தான் கவனம். உங்கள் நாய் மண்ணைத் தோண்டுகிற ரகம் என்றால் கிழங்கையும் எலும்புத்தூள் உரத்தையும் பாருங்கள், அந்த வாசத்துக்கு அது தொட்டியையே கவிழ்க்கும். குட்டி நாய் எதையும் வாயில் வைக்கும், மூன்று கிலோ நாய்க்கு ஒரு இலை என்பது முப்பது கிலோ நாய்க்குப் பத்து இலை. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிய நாய், பொழுது போகாமல், எட்டுகிற தூரத்தில் இருப்பதையெல்லாம் மெல்லும், கட்டுகிற இடத்தைச் சுற்றி என்ன நட்டிருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள்.

செடியைவிடச் செடிக்குப் போடும் மருந்துதான் எங்கள் ஊரில் அதிக நாயைக் கொல்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம், கணக்கு ஒன்றும் கையில் இல்லை. ஊர் பெயரே நத்தை ஆறு, மழைக்காலத்தில் தொட்டிக்குத் தொட்டி நத்தை, கடையில் விற்கும் நத்தை மருந்தில் மெட்டால்டிஹைட் இருந்தால் நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வந்து சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் இப்போது ராத்திரி டார்ச் அடித்து நத்தையைப் பொறுக்குகிறேன். செம்பனைத் தோட்டத்தில் மரத்தடியில் மெழுகுக்கட்டி மாதிரி வைக்கும் எலி மருந்து இன்னொன்று, இரத்தம் உறையாமல் செய்வது, தின்ற அன்றைக்கு நாய் நன்றாகத்தான் இருக்கும், நாலைந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்து விழும். சில தோட்டங்களில் எலியைப் பிடித்துத் தின்ன ஆந்தை வந்து தங்கட்டும் என்று பெட்டி வைத்திருக்கிறார்கள், எங்களுக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்தில் இல்லை. களைக்கொல்லியில் பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் தடை, ஆனாலும் யார் வீட்டு ஸ்டோரில் பழைய போத்தல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். மருந்தடித்த அன்று கோப்பி பின்பக்கம் போகாது, கேட்டைப் பூட்டிவிடுவேன்.

ஏதாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் இப்போது நான் என்ன செய்வேன்? வாயில் மிச்சமிருப்பதை விரலால் எடுப்பேன், நாய் தெளிவாக இருந்தால் வாயைத் தண்ணீரால் அலசுவேன். செடியின் ஒரு கொம்பை இலையோடு பிளாஸ்டிக் பையில் போடுவேன், வாந்தி எடுத்திருந்தால் அதையும் படம் பிடிப்பேன், மணியைக் குறித்துக்கொள்வேன். பிறகு நேராக டாக்டர். வாந்தி எடுக்க வைக்கலாமா கூடாதா என்பது அவர் சொல்ல வேண்டியது. இதயம் தாளம் தப்பிய நாயை, தள்ளாடுகிற நாயை வாந்தி எடுக்க வைப்பது கெடுதல், வாயை எரிக்கும் பாலுள்ள செடி என்றால் திரும்பி வரும்போது இன்னொரு தடவை எரிக்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் மாட்டேன். நான் வாந்தியைக் கண்டும் காணாமல் விட்ட அந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, கரித்தூள் நன்றாக வேலை செய்திருக்கக்கூடிய நேரம் அது. ஞாயிறும் இரவும் திறக்கும் கிளினிக் எது என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

நாடி பார்க்கவும் கற்றுக்கொண்டோம். பின்தொடையின் உள்பக்கம், இடுப்போடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு விரலை லேசாக வைத்தால் தட்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். சும்மா படுத்திருக்கும் நாய்க்கு 60-லிருந்து 140-க்குள் எங்கேயாவது இருக்கும், பெரிய நாய்க்குக் குறைவாக, சின்ன நாய்க்கு அதிகமாக. உங்கள் நாய் நன்றாக இருக்கும்போதே எண்ணி வைத்துக்கொண்டால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். கோப்பிக்கு எண்பத்தெட்டு. அம்மாதான் எண்ணுகிறார், நான் எண்ணினால் நகர்ந்துவிடும்.

அரளி இன்னும் நிற்கிறது. வெட்டிவிடலாமா என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "செடி என்னடா பண்ணுச்சு? எறிஞ்சவன் நீ. உன் புத்தியைச் சீவு முதல்ல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, நியாயம்தானே. கீழ்க்கிளைகளை நெஞ்சு உயரம்வரை எடுத்துவிட்டேன், கையுறை போட்டுக்கொண்டு, எடுத்த ஒவ்வொரு கிளையும் அங்கேயே உர மூட்டைக்குள். சுற்றிக் கோழிக்கம்பி. விழுந்த பூவை அம்மா காலையில் கோலம் போடுவதற்கு முன்னால் கூட்டிவிடுகிறார். உருளியில் இப்போது செம்பருத்தி மிதக்கிறது, அதுவும் திண்ணைமேல். கோப்பிக்கு மெல்லுவதற்குக் கெட்டியான ரப்பர் பந்து ஒன்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கினேன், அதை அது சீண்டவே இல்லை, தேங்காய் மட்டையைத்தான் இழுத்துக்கொண்டு திரிகிறது. நார் விழுங்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

வரும் ஞாயிறு கோயில் கமிட்டிக் கூட்டம். திருவிழாவுக்கு முன்னால் வளாகத்து அரளியை எல்லாம் கவாத்து செய்வார்கள், கிளை ஒரு வாரம் மடப்பள்ளிப் பின்னால் குவிந்து கிடக்கும், அப்புறம் கொளுத்துவார்கள். அங்கே நாலு நாய் படுத்திருக்கிறது, ஒன்று குட்டி போட்டிருக்கிறது. கொளுத்த வேண்டாம், வெட்டிய அன்றே மூட்டை கட்டி முனிசிபல் லாரிக்குக் கொடுத்துவிடுவோம் என்று கேட்கப் போகிறேன். அம்மாவும் வருகிறார். "மூட்டை கட்டுறதைப் பத்தி மட்டும் பேசு, அரளியை வெட்டணும்னு வாயைத் திறந்தே, நானே எந்திரிச்சு உன்னை உட்காரச் சொல்வேன்" என்று இப்போதே சொல்லிவிட்டார்.